பச்சை மூடி டப்பா

தாராவி,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள சாயிமா லாத்தாவுக்கு, உன் தங்கை பரீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலையில் உம்மா என் செருப்பைக் கழுவினாள். அதைத்தான் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அடிப்பாகம் வரைக்கும் தேய்த்து, தகரக் கூரை மேல் வெயிலில் வைத்திருந்தாள். நம் சந்தில் யாராவது செருப்பைக் கழுவி நீ பார்த்திருக்கிறாயா? வாசலைத் தாண்டினால் சாக்கடைத் தண்ணீர்தானே. பெருநாளுக்குக்கூடக் கழுவாதவள் இன்று கழுவுகிறாள். ஏன் என்று கேட்டேன். நாளைக்கு எல்லாரும் பைகுலா ராணி பாக்குக்கு மிருகங்களைப் பார்க்கப் போகிறோம், அதற்குத்தான் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

நீ கல்யாணமாகி மேலப்பாளையம் போய் ஆறு வருசம் ஆகிறது. இந்த ஆறு வருசத்தில் வாப்பா எங்களை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அரை நாள் பட்டறையைத் திறந்து உட்கார்ந்து பர்ஸுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருப்பார். அந்த மனுசர் நாளைக்குப் பட்டறையைப் பூட்டுகிறாராம். பெங்குவின் பார்க்கவாம். ராணி பாக்குக்குப் பெங்குவின் வந்தே எட்டொன்பது வருசம் ஆகிறது. இத்தனை நாள் அவருக்கு அந்த ஞாபகம் வரவில்லை.

அடுத்தது நஜ்முன்னிசா மாமி. வாப்பாவின் தங்கை என்றுதான் பெயர், செம்பூரிலிருந்து இங்கே மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டார். வந்ததும் உம்மாவும் அவரும் ஏணியில் ஏறி மேல் அறைக்குப் போய்விடுகிறார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு ஏறினால் பேச்சு நின்று போகிறது. மாமி உடனே வெயிலைப் பற்றி ஆரம்பிக்கிறார். அக்டோபர் வெயிலைப் பற்றி ஒரு மனுஷி எவ்வளவுதான் பேச முடியும்?

இன்று மத்தியானம் அவரே அடுப்பு முன்னால் உட்கார்ந்து அச்சு முறுக்குச் சுட்டார். பச்சை மூடி போட்ட ஒரு புது எவர்சில்வர் டப்பாவும் வாங்கி வந்திருந்தார். உடையாத முறுக்காகப் பொறுக்கி அதில் அடுக்கினார். பதினொன்று இருந்தது. உடைந்ததை எல்லாம் எனக்குத் தின்னக் கொடுத்தார். டப்பாவை நாளைக்கு யாரிடமும் கொடுக்காமல் நான்தான் கையில் வைத்திருக்க வேண்டுமாம். மூன்று தடவை சொல்லிவிட்டார். முறுக்கு டப்பாவைத் தூக்க எதற்கு இத்தனை உத்தரவு?

இதெல்லாம் என் மனசின் கோணல் என்று விட்டுவிடலாம். ஆனால் எல்.சி. விஷயத்தை விட முடியவில்லை. நான் பட்டன் வைத்துத் தைக்கப் போகிற ஷெட்டில் நஸீரா அக்கா என்று ஒருவர் இருக்கிறார் என்று போன பெருநாளுக்குப் போனில் சொன்னேனே, அவர் என்னைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனியாக எழுதச் சொல்கிறார். அதற்குப் பதினேழாம் நம்பர் ஃபாரம் நிரப்ப வேண்டும். மாசக் கடைசிதான் கெடு. நான் எட்டாவதோடு நின்றபோது ஸ்கூலில் கொடுத்த எல்.சி., அந்த லீவிங் சர்டிபிகேட், அசல் வேண்டும். தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு ஒரு பழுப்புக் கவரில் இருந்தது. ஓரத்தில் உம்மாவின் மஞ்சள் கை பட்டு, விரல் மாதிரி ஒரு கறை இருக்கும். புதன்கிழமை தேடினேன். ரேஷன் கார்டு இருக்கிறது, கவர் இல்லை. உம்மாவிடம் கேட்டால் எலி இழுத்திருக்கும் என்கிறாள். பூட்டிய பெட்டிக்குள் புகுந்து, பிறந்த தேதி எழுதின காகிதத்தை மட்டும் இழுத்துப் போகிற எலியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டு அகிலாண்டம் அக்கா வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும், சிரிப்பாய். போன மாசம் அவருடைய மகளைப் பார்க்க சுனாபட்டியிலிருந்து வந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். கேசரியைத் தொடவில்லை, காப்பியைத் தொடவில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் போனதும் அகிலாண்டம் அக்கா அந்தக் கேசரியை ஆத்திரத்தோடு சந்து முழுக்கக் கொடுத்துத் தீர்த்தார். எனக்குப் புரியவில்லை. உம்மாதான் சொன்னாள், பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும், அதனால் முடிவாகும் வரை எதையும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று. நம்மிலும் அப்படியா என்று கேட்டேன். எல்லாரிலும் அப்படித்தான் என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி பேச்சை நிறுத்திவிட்டாள்.

நாளைக்கு மீன் பார்க்கவும் போகலாம் என்று மாமி முதலில் சொன்னார். சர்னி ரோடு கடலோரத்தில் இருந்ததே அந்த மச்லி கர், அங்கே. அதை மூடி வருசக்கணக்கில் ஆகிறது என்று நான் சொன்னேன். மாமி கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "அப்ப ராணி பாக் போதும். ஏதோ ஒரு எடம்" என்றார். மீன் பார்க்க ஆசைப்பட்டவர் அப்படியா சொல்வார், லாத்தா?

அதிலிருந்து எனக்கு அந்த மச்லி கர் நாள்தான் மனசில் ஓடுகிறது. எனக்குப் பதினொன்று, உனக்குப் பத்தொன்பது. நீ மெரூன் சுடிதார் போட்டிருந்தாய். மாமி உனக்குப் பூ வைத்துவிட்டார். உள்ளே இருட்டு, தொட்டியில் மட்டும் நீல வெளிச்சம். ஓர் ஆமை கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டே இருந்தது. வழி தெரியாமல் முட்டுகிறது பார் என்று நீ சொன்னாய். வெளியே வந்து கடலோரச் சுவரில் உட்கார்ந்தபோது மாமி என் கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார். கொஞ்சம் தள்ளித் தங்கக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "பாவம், தனியா உக்காந்திருக்காங்க. ரெண்டு குடுத்துட்டு வா புள்ள" என்றார் மாமி. நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்தம்மா உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டையும் வாங்கித் தின்றார். என் பெயரைக் கேட்டார். திரும்பி வந்ததும் மாமி என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பதினோரு வயசுப் பிள்ளையை யாராவது தூக்குவார்களா? தூக்கினார். குல்பி வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே அம்மா பழத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். நீ தலை வாரிக்கொண்டிருந்தாய். மச்லி கரில் பார்த்தவர் நம் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று நான் குதித்துக்கொண்டு வந்து சொன்னேன். நீ திரும்பவில்லை. சீப்பு மட்டும் நின்றது. இத்தனை பெரிய பம்பாயில் ஒரே ஆளை இரண்டு தடவை பார்ப்பது எவ்வளவு அதிசயம் என்று நான் ஸ்கூல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் உன் மாமியாராக ஆனபோதும் அதிசயம் என்றே நினைத்திருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை.

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். இங்கே போன் வாப்பாவுடையது. அங்கே போன் மச்சானுடையது, நீ பேசும்போது யாரோ தட்டில் பீடி இலை நறுக்குகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று ஒரே வேகத்தில் சொல்கிறாய். மூன்று பெருநாளாக நீ இங்கே வரவில்லை. போன தடவை உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடனே இந்த ஊர் வெயிலைப் பற்றிக் கேட்டாய். மாமியிடம் கற்றுக்கொண்டாயா?

நாளைக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை

வாப்பா பட்டறைக்குப் போய்விட்டார். உம்மா குழாயடியில் நிற்கிறாள். சந்துக் கோடி வீட்டுத் தௌசீப் மாமா நாளைக்கு மேலப்பாளையத்துக்கு ரயில் ஏறுகிறார், பெல்ட் சரக்கு எடுத்துக்கொண்டு. அவரிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும். அதனால் நேராகச் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் மாமி எனக்கு ஒரு புது புர்கா கொண்டுவந்தார். கையில் வரிசையாகக் கறுப்பு முத்து வைத்தது. மிருகங்களுக்கு முத்து பிடிக்குமா என்று வாய் வரை வந்தது. எனக்குத்தான் யார் முன்னாலும் வாய் திறக்காதே. போட்டுக்கொண்டேன். சயானில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டே வந்தார். மாட்டுங்காவில் ஒரு தடவை, பரேலில் ஒரு தடவை. நான் எட்டிப் பார்த்தால் போனைக் கவிழ்த்துக்கொண்டார். பைகுலாவில் இறங்கும்போது டப்பா இருக்கா என்று கேட்டார். நான் இருக்கேனா என்று கேட்கவில்லை.

முதலில் பெங்குவின். உள்ளே போனால் குளிர். கண்ணாடிக்குப் பின்னால் அவை கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் மாதிரி நின்றன. ஒன்று தண்ணீரில் குதித்தால் அம்பு மாதிரி போகிறது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நிற்கவிடாமல் காவலர் சலோ சலோ என்று எல்லாரையும் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மாவின் முகம். எல்லாரும் பெங்குவின் போகிற பக்கம் தலையைத் திருப்புகிறார்கள். அந்த முகம் மட்டும் திரும்பவில்லை. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் புலி. புலி முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் எல்லாம் சத்தம் போட்டு எழுப்பப் பார்த்தது. அங்கேயும் அந்தம்மா நின்றார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெரியவர், நீலச் சட்டையில் ஓர் ஆள், இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும். அந்தம்மா புலியைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார், லாத்தா. உம்மா தேய்த்துக் கழுவின செருப்பை.

அதிலிருந்து மாமி என்னை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. முன்னால் நடக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் வரச் சொன்னார். தன் கையிலேயே தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, போய் உம்மாவிடம் தண்ணீர் வாங்கி வா என்று அனுப்பினார். நீர்யானை இருக்கிற இடத்தில் எட்ட இருந்த ஒரு போர்டைக் காட்டி, எழுத்து தெரியவில்லை, சத்தமாக வாசி என்றார். மராத்தியில் எழுதியிருந்தது. மாமிக்கு மராத்தி ஓர் எழுத்துத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. நான் வாசித்தேன். நீர்யானை ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும் என்பது வரைக்கும் வாசித்தேன். எனக்குப் பின்னால் மூன்று அடியில் யாரோ மூச்சை அடக்கிக் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். அந்தம்மாதான்.

நடை பார்த்தாயிற்று. கண் பார்த்தாயிற்று. குரலும் கேட்டாயிற்று. கூண்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு வந்தவள் நான்.

ஒரு பெரிய மரத்தடியில் பெஞ்சு இருந்தது. மாமி அங்கேதான் உட்கார வேண்டும் என்றார். எதிரே பத்தடியில் இன்னொரு பெஞ்சு. அந்தம்மா அதில் வந்து உட்கார்ந்தார். பெரியவரும் நீலச் சட்டையும் தள்ளிப் போய் நின்று ஐஸ்கிரீம் விற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாங்கவில்லை. வாப்பா எழுந்து நீர்யானைப் பக்கம் போய்விட்டார். மாமி என் முழங்கையைத் தொட்டார்.

"பாவம், தனியா உக்காந்திருக்காங்க. ரெண்டு குடுத்துட்டு வா புள்ள."

அதே சொல், லாத்தா. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் கடலோரச் சுவரில் சொன்னது எப்படி இருந்ததோ அப்படியே.

நான் டப்பாவோடு எழுந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போதுகூட எனக்கு முழு நிச்சயம் இல்லை. ஒருவேளை என் சந்தேகம்தான் பைத்தியக்காரத்தனமோ, ஒருவேளை அவர் தனியாக வந்தவர்தானோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நான் வருவதைப் பார்த்ததும் அந்தம்மா கைப்பையைத் திறந்து, கை துடைக்கக் கைக்குட்டை எடுத்தார். கைக்குட்டைக்குக் கீழே ஒரு பழுப்புக் கவர் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை, விரல் மாதிரி.

அவர் கையைத் துடைத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். நான் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றேன். நீட்டினால் அவர் வாங்குவார். வாங்கினால் தின்பார். தின்றால் என் விஷயம் முடிந்தது. பரீட்சையும் முடிந்தது, ஃபாரமும் முடிந்தது. திரும்பி ஓடினால் நாலு பேர் முன்னால் வாப்பாவுக்கு அவமானம். பேசலாம் என்றால் எனக்குப் பேச வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

அந்தம்மாவின் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். அச்சு முறுக்கு எவ்வளவு சத்தம் போடும் என்று உனக்குத் தெரியும். ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதை எடுத்தேன். அந்தம்மாவின் கை மடியில் விரிந்தபடியே இருந்தது. மூன்றாவது எடுத்ததும் கையை மூடிக்கொண்டார். மாமி விடுவிடுவென்று வந்து என் காதருகே, "ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு, அவங்களுக்குக் குடுளா" என்றார். வாய் நிறைய முறுக்கு இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலாவது, ஐந்தாவது. நீலச் சட்டைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தலையைத் திருப்பிக்கொண்டார். வாப்பா நீர்யானையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அத்தனை நேரம் யாரும் அந்த நீர்யானையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எட்டாவதில் தொண்டை அடைத்தது. விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது என் முன்னால் ஒரு பாட்டில் நீண்டது, மூடி திறந்து. உம்மா. நான் குடித்து முடிக்கும் வரைக்கும் எனக்கும் மாமிக்கும் நடுவில் நின்றாள்.

பத்து தின்றேன். பதினொன்றாவதைத் தொட்டேன், வயிறு வேண்டாம் என்றது. மூடியைப் போட்டேன். கையைப் புது புர்காவில் துடைத்துக்கொண்டு அந்தம்மா பக்கம் நீட்டினேன். "என் எல்.சி. குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. அவர் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கவரை எடுத்துக் கொடுத்தார். எழுந்து போகும்போது உம்மாவிடம், "பசிச்ச புள்ளைய எதுக்குங்க வெளிய கூட்டிட்டு வாறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது கோபமா கிண்டலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர்களுக்கு முலுண்டில் பெல்ட் கடையாம். அந்த ஆள் பெயர் ஷகீல். இப்போது பேசி வைத்துவிட்டு, எனக்குப் பதினெட்டு முடிந்த மறு வாரம் நிக்காஹ் என்று மாமி சொல்லியிருக்கிறார். என் வயசைக் காட்டத்தான் உம்மா எல்.சி.யை மாமியிடம் எடுத்துக் கொடுத்தாளாம். இதெல்லாம் நேற்று வீட்டுக்கு வந்த பிறகு உம்மா சொன்னது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டு வேண்டாம் என்று போனால் சந்து முழுக்கத் தெரிந்துபோகும், பெண்ணுக்குக் கெட்ட பெயர். வெளியிடத்தில் தற்செயலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. பிடித்திருந்தால் கொடுத்ததை வாங்கித் தின்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சுகர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அது மாமியின் ஏற்பாடு. நம் சொந்தத்தில் நாலு கல்யாணம் அப்படித்தான் முடித்திருக்கிறாராம். செருப்பை ஏன் கழுவினாய் என்று கேட்டேன். முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்று மாமி சொன்னதாகச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமி பைகுலாவிலேயே எங்களை விட்டுவிட்டு டாக்ஸியில் போய்விட்டார். வாப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. ஃபாரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். எப்படிக் கேட்கப்போகிறேன் என்று தெரியவில்லை. எல்.சி.யை ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், நஸீரா அக்காவின் மேஜைக்குள் இருக்கட்டும். வீட்டில் எலி இருக்கிறது.

ஆனால் நேற்று ரயிலில் திரும்பி வரும்போது நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை, லாத்தா. அந்த இரண்டு முறுக்கைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். என் கையால் ஓடிப்போய்க் கொடுத்த அந்த இரண்டு. நான் குல்பி தின்றுகொண்டிருந்தபோது உன் விஷயம் முடிந்துவிட்டது. உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் பூ வைத்துக்கொண்டு வந்தாயா? நேற்று உம்மாவிடம் கேட்டேன். லாத்தாவிடம் சம்மதம் கேட்டீர்களா என்று. "அவ ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

நீ எனக்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம். எழுதினால் அதைத் தபாலில் போட யாரிடமாவது கொடுக்க வேண்டும், அவர்கள் பிரிப்பார்கள். போனிலும் இதைப் பேசாதே. இந்தக் காகிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தௌசீப் மாமா அங்கே பத்து நாள் இருப்பார். திரும்பும்போது உன் வீட்டுக்கு வந்து, இந்தக் கடிதத்தோடு வருகிற பச்சை மூடி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். டப்பா திருப்பிக் கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று உம்மா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்கச் சொல்வாள். நீ அங்கே நிஜமாகவே நன்றாக இருந்தால் அதில் ஒரு பிடி சீனி போட்டு அனுப்பு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், நான் அதைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அப்படி இல்லை என்றால் எதையும் போடாதே. வெறும் டப்பாவைக் கொடுத்துவிடு. யாராவது கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல். நாங்கள் புரிந்துகொள்வோம். உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெறும் டப்பா வந்தால் அடுத்த ரயிலில் அவளும் நானும் வருகிறோம். பம்பாயைச் சுற்றிப் பார்க்க உன்னைக் கூட்டிப் போகிறோம் என்று அங்கே சொல்லலாம். பெங்குவின் நிஜமாகவே பார்க்க நன்றாக இருக்கிறது.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவான். இந்தத் தடவையாவது உண்மையைச் சொல், லாத்தா.

குழாயடியிலிருந்து உம்மா வந்துவிட்டாள். நான் எழுதுவதைப் பார்த்தாள். டப்பாவுக்குள் விரிக்க ஒரு பேப்பரைக் கிழித்துக் கொடுத்தாள். இதை நாலாக மடித்து அந்தப் பேப்பருக்கு அடியில் வைக்கிறேன். பதினொன்றாவது முறுக்கை மேலே வைத்து, பச்சை மூடியை இறுக்கி மூடுகிறேன்.

உன் தங்கை,
பரீஹா